வந்த பாம்பு வாய் திறக்கவில்லையா?

சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துக்குள் ஒரு பாம்பு நுழைந்துவிட்டால், "அடி, விடாதே" என்று கம்பைத் தேடுவோர் ஒரு கட்சி. "நாகம்மா வந்திருக்கிறாள், பால் வை" என்று கும்பிடுவோர் மற்றொரு கட்சி. இப்போது மூன்றாவது கட்சி ஒன்றும் முளைத்திருக்கிறது. பட்டணங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுப் பாம்பை வைத்துச் செல்லமாக வளர்ப்பவர்கள் இவர்கள். "வாங்கி வந்து பத்து நாளாயிற்று, எதுவும் தின்ன மாட்டேன் என்கிறது" என்பதுதான் இவர்களுடைய முதல் புலம்பல்.

இவர்கள் பெரும்பாலும் வளர்ப்பது 'பால் பைதான்' என்னும் சிறிய மலைப்பாம்பு. பெயரைக் கேட்டுப் பால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டாம். இந்தப் 'பால்' ஆங்கிலத்துப் பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடக்கும் பிராணி. அதைத் தூக்கி வந்து வெளிச்சமான கண்ணாடிப் பெட்டியில் போட்டு, வீட்டார் அனைவரும் சுற்றி நின்று பார்த்தால் எந்தப் பாம்புக்குத்தான் பசிக்கும்? புது இடத்துக்கு வந்த மருமகள்கூட முதல் நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆகவே முதல் ஒரு வாரம் அதைத் தொடவே கூடாது. உடல் உரசும்படி நெருக்கமான ஒரு மறைவிடம், குடிக்கத் தண்ணீர், பெட்டியின் மேல் ஒரு துணி, இவை போதும். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பால் பைதான் மாதக் கணக்கில் பட்டினி கிடந்தும் பெரிதாக இளைப்பதில்லை. குட்டி என்றால் அவ்வளவு தாங்காது.

அடுத்தது சூடு. நமது மலைக்கு இதுவே முக்கியமான விஷயம். பாம்புக்குச் சொந்த உடற்சூடு கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து கடன் வாங்கித்தான் அது இரையைச் செரிக்கிறது. மார்கழி, தை இரவுகளில் நாமே இரண்டு கம்பளி கேட்கும் ஊரில், ஆப்பிரிக்கப் பாம்பு எலியை விழுங்கினால் அந்த எலி செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். இப்படி இரண்டு மூன்று முறை கக்கினால் பிழைப்பது கடினம். அதனால்தான் குளிர்ந்த பாம்பு இரையைத் தொடுவதில்லை. நாம் பிடிவாதம் என்று நினைப்பது உண்மையில் அதன் தற்காப்பு.

பெட்டியின் ஒரு பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். வேண்டிய பக்கத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் வெறும் பல்பை உள்ளே தொங்கவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்று போகும் நாட்களில் இரை கொடுக்காமல் இருப்பதே உத்தமம்.

இனி இரை. எலியின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. உயிருள்ள எலியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது பலர் செய்யும் காரியம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்; கண்ணே போன பாம்புகள் உண்டு. கொன்று உறைய வைத்த எலியை முழுவதும் இளகவிட்டு, வெந்நீரில் வைத்து உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து நீட்டுவதே பாதுகாப்பான முறை. மலைப்பாம்பின் உதட்டருகே உள்ள குழிகள் சூட்டை உணரக்கூடியவை. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தோன்றாது. மாலை மங்கிய பிறகு கொடுக்க வேண்டும். எலி வாசனை வீசும் வெறும் கையை நீட்டினால், பாம்பு கையைத்தான் எலி என்று எடுத்துக்கொள்ளும். அது பாம்பின் தப்பில்லை. தோட்டத்தில் பிடித்த எலியைக் கொடுக்கவே கூடாது. அது எலி மருந்தைத் தின்றிருந்தால் பாம்பும் போய்ச் சேரும்.

கண்கள் வெண்மையாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள், அதுவரை காத்திருக்கலாம். விழுங்கிய பின் இரண்டு நாள் தூக்கக் கூடாது. மறுத்தால் எலியை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி முயல வேண்டும். வாயைப் பிளந்து திணிப்பது கால்நடை மருத்துவர் மட்டுமே, அதுவும் கடைசி வழியாகச் செய்ய வேண்டிய வேலை.

பாலைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பாம்பு பாலைச் செரிக்காது. நாகபஞ்சமியன்று பாம்பாட்டியின் நாகம் பால் குடிப்பது பக்தியால் அல்ல. பல நாள் தண்ணீர் காட்டாமல் போட்ட தாகத்தால்.

இனத்துக்கு இனம் ருசி வேறு. நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகத்துக்கு முக்கிய உணவு சாரை முதலிய மற்றப் பாம்புகளே. தினம் தினம் சாரைக்கு எங்கே போவது? அதனால் செத்த பாம்பின் உடலை எலி மேல் தேய்த்து, வாசனையால் ஏமாற்றி எலிக்குப் பழக்குவது மிருகக்காட்சி சாலைகளில் கையாளும் உபாயம். பழகிய கைகளுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் 2021 ஜூலை 1 அன்று ராஜநாகத்தின் கூண்டைச் சுத்தம் செய்த ஊழியர் ஒருவர் கடிபட்டு இறந்தார்.

சட்டமும் கண்டிப்பானது. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள்.

தீனி போட்டுக் கட்டாமல் காட்டில் விட்டுவிடலாம் என்பவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவைப் பார்க்கட்டும். வளர்த்தவர்கள் கைவிட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டில் பெருகி, முயல் முதலிய சிறு பிராணிகளைத் துடைத்தெடுத்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017ல் நம் தமிழ்நாட்டு இருளர் இருவரை அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகள் பிடிபட்டன. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. அங்கேகூடப் பாம்பு நிரந்தர விருந்தாளி அல்ல. மண்பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுத்த பின், அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நமது லயத்துக்கு வரும் பாம்புக்கும் அதே நியாயம்தான். அதைப் பிடித்துப் பானையில் போட்டுத் தீனி காட்ட வேண்டாம். தேயிலைச் செடியோடு செடியாகக் கிடக்கும் பச்சைக் குழிவிரியன் கடித்தால், நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து அதற்கென்று செய்யப்பட்டதல்ல. அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. கேரள வனத்துறை 2020ல் 'சர்ப்பா' என்னும் கைபேசிச் செயலியைத் தொடங்கியது. அதில் தகவல் கொடுத்தால் பயிற்சி பெற்ற தொண்டர் வந்து பிடித்துச் செல்வார். அவர் வரும்வரை பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பாம்பு எந்த மூலைக்குப் போகிறது என்று எட்ட நின்று ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.