பித்தப்பைக் கல்: ஆபரேஷன் யாருக்கு, எப்போது?

முழு உடல் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிறார் ஒருவர். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஆனால் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பித்தப்பையில் கற்கள்' என்று ஒரு வரி. அன்று மாலையே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "உடனே எடுத்துவிடு, உள்ளே வெடித்துவிட்டால் என்ன செய்வாய்?" என்பார் ஒருவர். "கத்தியே வைக்காதே, நாட்டு மருந்தில் கரைந்துவிடும்" என்பார் மற்றொருவர். இரண்டு பேரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கல் இதுவரை ஏதாவது தொந்தரவு கொடுத்திருக்கிறதா? ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கல் எப்படி உருவாகிறது?

கல்லீரல் தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கெட்டியாக்கி வைத்துக்கொள்வது, கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி.தான். எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்தாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ கல் உருவாகத் தொடங்கும். பெண்கள், குழந்தை பெற்றவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வருகிறது.

வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்களே மிகுதி. தென்னிந்தியாவில் கறுப்பு, பழுப்பு நிற நிறமிக் கற்கள் கணிசமாகக் காணப்படுகின்றன. மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடும்.

வலியில்லாத கல்லை என்ன செய்வது?

பெரும்பாலான கற்கள் யாருக்கும் தெரியாமல் சும்மா கிடக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அறிகுறியே இல்லாமல் கல் கண்டறியப்பட்ட 123 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு 1982இல் வெளியானது. 15 ஆண்டுகள் போன பிறகும் அவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்குத்தான் கல்லால் வலி வந்திருந்தது. மற்றவர்கள் கல்லோடு நிம்மதியாகவே வாழ்ந்தார்கள். அதனால்தான் வலியில்லாத கல்லுக்கு ஆபரேஷன் தேவையில்லை என்பது பொது விதியாக இருக்கிறது. சர்க்கரை நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவும் அதை எடுக்க வேண்டியதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கல் 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் கால்சியம் படிந்திருந்தாலோ, 1 செ.மீ. அளவுக்குச் சதை வளர்ச்சி தெரிந்தாலோ புற்றுநோய் அபாயத்தை மனதில் வைத்து, பையை எடுப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். கங்கைச் சமவெளி மாநிலங்களில் பித்தப்பைப் புற்றுநோய் மிக அதிகம் என்பதால் அங்கே கல்லைப் பற்றிய பயமும் அதிகம். தென்னகத்தில் அந்த நோய் குறைவு. அங்குள்ள பயத்தை இங்கே இறக்குமதி செய்துகொள்ள வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். கல்லின் எண்ணிக்கையும் அளவும்தான் முதலில் கண்ணில் படும். அதைவிட முக்கியமான இரண்டு விவரங்கள் அடுத்த வரிகளில் இருக்கும். ஒன்று, 'வால் திக்னெஸ்', அதாவது பித்தப்பைச் சுவரின் தடிமன். பொதுவாக இது 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தடித்திருந்தால் அழற்சி இருக்கலாம். மற்றொன்று 'சி.பி.டி.' என்று குறிக்கப்படும் பொதுப் பித்தநாளம். இது சுமார் 6 மி.மீ.க்குள் இருப்பது இயல்பு. வயதானவர்களுக்குச் சற்றுக் கூடலாம். அது விரிந்திருந்தால் கல் நழுவிக் குழாய்க்குள் போயிருக்க வாய்ப்புண்டு. 'சின்னக் கல்தானே' என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. குழாய்க்குள் எளிதாக நழுவுவது சின்னக் கல்தான்.

கல் வலியா, கேஸ் தொந்தரவா?

கல்லால் வரும் வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கத்திலோ தொடங்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். சட்டென்று ஏறி, அரை மணி நேரமோ சில மணி நேரமோ நீடித்துவிட்டுத் தானாக அடங்கும். கல்யாண விருந்து முடிந்த இரவு, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி இது. ஏப்பம், வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. அதேபோல் மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மாரடைப்பும் அந்த வேடத்தில் வரும்.

இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஆபரேஷன் செய்துகொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நெதர்லாந்தில் 1,067 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆனாலும் ஓராண்டு கழித்துச் சுமார் 40 சதவீதம் பேருக்கு வயிற்றுவலி முழுதாகப் போகவில்லை. எல்லா வயிற்றுவலிக்கும் கல் காரணமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வலி எப்போதாவது, லேசாக வந்து போகிறவர்கள் காத்திருந்தும் பார்க்கலாம். பிரிட்டனில் 434 பேரைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனைத் தள்ளிவைத்தவர்களில் 18 மாதங்களுக்குள் சுமார் நான்கில் ஒருவர்தான் ஆபரேஷன் செய்துகொண்டார். உடல்வலியின் அளவில், ஆபரேஷனுக்கு அனுப்பப்பட்ட தரப்புக்கும் தள்ளிவைத்த தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வலி அடிக்கடி வந்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் பையை எடுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

தள்ளிப்போடக் கூடாத நேரம்

மூன்று நிலைகளில் யோசித்துக்கொண்டிருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* பல மணி நேரம் குறையாத வலியோடு காய்ச்சல்: பித்தப்பை அழற்சியாக இருக்கலாம். 'வீக்கம் வற்றட்டும், ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்' என்பது பழைய வழக்கம். உடல்நிலை இடம்கொடுத்தால், முடிந்தவரை முதல் சில நாட்களிலேயே ஆபரேஷன் செய்துவிடுவதுதான் இன்றைய நடைமுறை.
* மஞ்சள் காமாலை, அடர்நிறச் சிறுநீர், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல்: குழாயில் கல் அடைத்திருக்கலாம். இந்தக் காமாலை கீழாநெல்லிக்கு அடங்காது. எண்டோஸ்கோப்பி வழியாக அடைப்பை நீக்க வேண்டும். பித்தப்பையை எடுப்பது அதற்குப் பிறகு.
* முதுகைத் துளைக்கும் கடும் வலியும் விடாத வாந்தியும்: கணைய அழற்சியாக இருக்கலாம். அது லேசானதாக இருந்து தணிந்துவிட்டால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மீண்டும் தாக்க வாய்ப்பு அதிகம்.

கரைத்துவிட முடியாதா?

நிறையத் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு என்பதெல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. குடிக்கும் தண்ணீர் பித்தப்பை வழியாகப் போவதே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சை உருண்டைகள் வரும். கல் வெளியேறிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. சோதித்துப் பார்த்தபோது அவை, குடித்த எண்ணெய் குடலில் சோப்பாக மாறித் திரண்டவை என்று தெரிந்தது. கல் பையிலேயே இருக்கும்.

அர்சோடிஆக்ஸிகோலிக் அமில மாத்திரை உண்மையில் வேலை செய்யும். ஆனால் சிறிய, கால்சியம் படியாத கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். கரைந்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வந்துவிடும். நம் பக்கத்து நிறமிக் கற்களை அது கரைக்காது.

ஆபரேஷனில் நடப்பது என்ன?

பித்தப்பையை முழுதாக அகற்றும் சிகிச்சையை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் செய்தார். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையை 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே தொடங்கினார். 1990இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இப்போது பொதுவாக நான்கு துளைகள்; பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். கல் உருவான பை உள்ளேயே இருந்தால் கல் மறுபடியும் வரும்.

பாதுகாப்பான ஆபரேஷன்தான், ஆனால் அபாயமே இல்லாதது அல்ல. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படலாம். அதைச் சரிசெய்வது பெரிய சிகிச்சை. உள்ளே ஒட்டுதல் அதிகமாக இருந்து, மருத்துவர் பாதியில் வயிற்றைத் திறக்க முடிவெடுத்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு.

பை போனாலும் செரிமானம் நிற்காது; பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போய்ச் சேரும். சிலருக்குக் கொஞ்ச காலம் மலம் இளகிப் போகும். வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் கேளுங்கள்

* என் வலி கல்லால்தான் வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
* குழாயில் கல் இல்லை என்பது உறுதியா? கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா?
* இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகலாம்?
* இந்த ஆபரேஷனை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா?


வலியே இல்லாதவர் பயத்தால் ஆபரேஷனுக்கு ஓடுவதும், வலியில் துடிப்பவர் பயத்தால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஒன்றுபோலவே தீங்கு. வலி வந்த தேதி, சாப்பிட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எடுத்துச் செல்லுங்கள். சரியான முடிவுக்கு அந்தத் தாள் ரிப்போர்ட்டுக்குச் சமமாக உதவும்.