நீதிபதியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

சாலமோன் அரசர் இறைவனிடம் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கும் ஞானத்தையே கேட்டார் என்று திருவிவிலியத்தில் படிக்கிறோம். நீதி வழங்குவது அத்துணை அரிய பணி. அப்பணிக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்திற்குப் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டுமா? வேண்டாம் என்பதே விடை. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் ஒருவரை முன்மொழிவார். செனட் சபை அவரை விசாரித்து, வாக்கெடுத்துச் சம்மதிக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டில் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க் என்பவரை அச்சபை 58 வாக்குகள் எதிராகவும் 42 வாக்குகள் ஆதரவாகவும் அளித்து நிராகரித்தது.

1949 மே மாதத்தில் நம் அரசியல் நிர்ணய சபையிலும் இம்முறை பேசப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. நியமனத்தில் அரசியல் புகுந்துவிடும் என்று அஞ்சினார். அதே சமயம், தலைமை நீதிபதியின் சொல்லே முடிவானது என்பதையும் அவர் ஏற்கவில்லை. அவரும் குறைநிறைகள் உள்ள மனிதரே அல்லவா? ஆகவே, தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்ற நடுவழி அரசியல் சட்டத்தின் 124-ஆம் பிரிவில் இடம்பெற்றது.

ஆயினும் சோதனை வந்தது. 1973 ஏப்ரலில் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வெளியானவுடன், அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, அவர்களுக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். மனச்சாட்சிப்படி தீர்ப்பு எழுதுபவருக்கு இதுவா பரிசு என்று பலர் வருந்தினர்.

பின்னர், 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி மூத்த நீதிபதிகளின் குழுவே பெயர்களைப் பரிந்துரைக்கும் முறை வந்தது. இதனைக் 'கொலீஜியம்' என்பர். 2014-இல் பாராளுமன்றம் 99-ஆவது திருத்தத்தின் மூலம் ஆறு பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைக்க முயன்றது. சட்ட அமைச்சரும் அதில் ஓர் உறுப்பினர். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. ஐந்து நீதிபதிகளில் நால்வரின் முடிவு அது.

அப்படியானால் பாராளுமன்றத்திற்குப் பங்கே இல்லையா? உண்டு. நீதிபதிகள் எத்தனை பேர் என்பதை அதுவே சட்டத்தால் வகுக்கிறது. 2019-இல் அந்த எண்ணிக்கையை 34 ஆக்கியது. தவறிழைத்த நீதிபதியை நீக்க, இரு சபைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். கதவு இருக்கிறது, ஆனால் எளிதில் திறவாது. உச்ச நீதிமன்ற நீதிபதி எவரும் இதுவரை இவ்வாறு நீக்கப்பட்டதில்லை.

நம் காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காணலாம். ஊர் வாரியத்திற்கு யார் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்பதை அனைவரும் காணக் கல்லிலே பொறித்தனர். கணக்குக் காட்டாதவருக்கு அங்கே இடமில்லை. மூடிய அறையில் தேர்வு நடக்கிறது என்று கொலீஜியத்தின்மீது குறை கூறுவோர் கேட்பதும் இந்த வெளிப்படையைத்தான். நீதிபதி எவருக்கும் அஞ்சாதிருக்க வேண்டும். அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை மக்களும் அறிய வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதே நம் எண்ணம்.

1989-இல் பாத்திமா பீவி அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 2014-இல் நம் தமிழகத்தின் பானுமதி அவர்களும் அவ்வாசனத்தில் அமர்ந்தார். தோழியரே, நம்முள் ஒருத்தி நாளை அங்கே அமரக்கூடும். அன்று அவள் கேட்க வேண்டிய வரமும் சாலமோன் கேட்டதே!