எஞ்சின் வாங்கும் கடனை கியர் பொக்ஸ்தான் கட்டுகிறது

டபிள் கெப் வைத்திருக்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு இந்த வாரம் ஒரு கணக்குச் சொல்லப் போகிறேன். இது கடைக் கணக்கல்ல, ஒட்டோ கியர் பொக்ஸின் கணக்கு. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்பதை நான் பணம் கொடுத்துப் படித்தேன்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அப்போதும் வரியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியவர்கள் பலர். இடையில் இருந்த ஐந்து வருடங்களும் நாம் இருக்கிற வாகனத்தையே இழுத்துப் பிடித்து ஓட்டினோம். லொறி வாங்க முடியாதவர் கெப்பில் லொறிச் சுமையை ஏற்றினார். கெப் மலை ஏற மறுத்தால் எஞ்சினுக்குப் பவர் கூட்டினார். நானும் அவர்களில் ஒருவன்.

எனது கடை மாவனல்லையில். தரை ஓடு, பெயின்ற், குழாய்ச் சாமான்கள். கண்டிக்குச் சரக்கு அனுப்பக் கடுகண்ணாவை ஏற வேண்டும். நுவரெலியாவுக்கு என்றால் கம்பளை, புசல்லாவை தாண்டி றம்பொடை வளைவுகளையும் ஏற வேண்டும். 2021இல் என்னிடம் இருந்த 2.8 லீற்றர் ஹைலக்ஸ் ஒட்டோவுக்கு ஒரு கராஜில் ‘சிப்’ ஒன்று பூட்டினேன். முதல் மாதம் எனக்குப் பெரிய சந்தோசம். முன்பு மூச்சு வாங்கிய ஏற்றத்தில் வண்டி பாய்ந்து ஏறியது.

மூன்றாம் மாதம் சாரதி சொன்னார்: “முதலாளி, ரேஸ் ஏறுது, வண்டி ஏறுதில்ல.” எஞ்சின்தான் நன்றாக ஓடுகிறதே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் றம்பொடையில், தரை ஓடு முழுச் சுமையோடு, வண்டி நின்றுவிட்டது. கருகிய ஒயில் நாற்றம் வந்ததாம். அன்றைய சரக்கு போய்ச் சேரவில்லை, வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போனார். பழைய வாகனத்திலிருந்து கழற்றிய பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். எட்டு மாதத்தில் அதுவும் போனது.

இரண்டாவது தடவை வேறொரு பாஸிடம் கொண்டு போனேன். அவர் பொக்ஸைக் கழற்றுமுன் ஒயில் கூலரை வெட்டிக் காட்டினார். உள்ளே இரும்புத் தூளும் கிளட்ச் தூளும் சேறு போலக் கிடந்தன. “முதலாளி, புதுப் பொக்ஸுக்குப் பழைய குப்பையைத்தானே குடிக்கக் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் இந்த விடயத்தைக் கேட்டும் வாசித்தும் படிக்கத் தொடங்கினேன்.

பொக்ஸ் எங்கே தோற்கிறது?

மனுவல் வாகனத்தில் எஞ்சினையும் கியரையும் கிளட்ச் நேரடியாகப் பிடிக்கிறது. ஒட்டோவில் அந்த இடத்தில் இருப்பது டோர்க் கொன்வேட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் அந்தக் காற்றில் சுற்றும் அல்லவா? கொன்வேட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஒயில். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்ற, ஒயில் மற்றதைச் சுற்றுகிறது. இடையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். அந்த வழுக்கல்தான் வெப்பம். ஓரளவு வேகம் வந்ததும் ‘லொக் அப்’ என்ற சிறு கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வழுக்கலை நிறுத்துகிறது.

இதைக் கணக்காகப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் 100 கிலோவாட் கொடுக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்கு கொன்வேட்டரில் வீணாகிறது என்று வையுங்கள். அது 10 கிலோவாட் வெப்பம். 2 கிலோவாட் மின்சாரக் கேத்தல் ஐந்தை அந்தச் சில லீற்றர் ஒயிலுக்குள் ஒன்றாகப் போட்டு வைத்தது போல.

கொன்வேட்டருக்குப் பின்னால் கியர்களை மாற்றுவது ஒயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள். ஒயில் அழுத்தம்தான் அவற்றை நெருக்கிப் பிடிக்கிறது. எஞ்சினின் முறுக்கு விசை, அதாவது டோர்க், அந்தப் பிடியை விடக் கூடினால் தட்டு வழுக்கும்; வழுக்கினால் கருகும்.

சிப் பூட்டியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இக்காலப் பொக்ஸின் கணினி, எஞ்சின் எவ்வளவு டோர்க் தருகிறது என்று எஞ்சின் கணினியிடம் கேட்டுத்தான் ஒயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வயரில் இடையில் பூட்டும் மலிவான சிப், எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதாக எஞ்சின் கணினியை ஏமாற்றி அதிக டீசலைக் கொடுக்க வைக்கிறது. எஞ்சினுக்கே தெரியாத டோர்க் பொக்ஸுக்கு எப்படித் தெரியும்? அது பழைய கணக்குக்குத்தான் அழுத்தம் கொடுக்கும். கூட்டாளிக்குச் சொல்லாமல் அவர் பெயரில் கடன் வாங்குவது போன்றதுதான் இது.

கம்பனிகளே சொல்லும் சாட்சி

பொக்ஸ் தாங்கும் அளவுக்குத்தான் எஞ்சின் என்பதை வாகனக் கம்பனிகளே காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு டொட்ஜ் ரேம் பிக்கப்பில் 5.9 லீற்றர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் மனுவல் கியரோடு 215 குதிரைவலு தந்தது. அதே எஞ்சினை ஒட்டோவோடு விற்றபோது 180 தான். எஞ்சினால் முடியாமல் அல்ல, பொக்ஸுக்காகக் குறைத்தார்கள்.

ஹைலக்ஸில் கதை மறுபக்கம். 2020இல் 2.8 லீற்றர் எஞ்சினை மேம்படுத்தியபோது ஆறு கியர் ஒட்டோவுக்கு 500 நியூட்டன் மீற்றர் டோர்க் கொடுத்தார்கள், மனுவலுக்கு 420இலேயே நிறுத்தினார்கள். அதே எஞ்சின் 2015இல் வந்தபோது ஒட்டோவுக்குக் கிடைத்தது 450. பொக்ஸ் எதைத் தாங்கும் என்று பார்த்துத்தான் எஞ்சினின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. நாம் மட்டும் எஞ்சினை முதலில் கூட்டிவிட்டு, பொக்ஸைப் பிறகு பார்ப்போம் என்கிறோம்.

அந்த டொட்ஜ்காரர்கள் பல வருடங்களாகப் பவர் கூட்டிப் பொக்ஸ் உடைத்தே பாடம் படித்தவர்கள். முதலில் லொக் அப் வழுக்கும். பிறகு தட்டுகள் கருகும். அதையும் சரி செய்து இன்னும் பவர் கூட்டினால் உள்ளே செல்லும் தண்டே முறியும். ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனம் வெளியே வரும். ஆகவே நமக்கு எவ்வளவு தேவை என்று முதலில் முடிவு செய்வதே முதல் வேலை.

எதை முதலில் வாங்குவது?

முதலாவது, வெப்பமானி. பொக்ஸ் ஒயிலின் வெப்பத்தை வாகனத்தின் கணினியிலிருந்து வாசித்துக் காட்டும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருந்தால் பயமில்லை. 80க்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. 120ஐத் தாண்டினால் ஒயில் கருகத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும். இதைப் பார்க்காமல் மற்றதற்குச் செலவழிப்பது, கல்லாப் பெட்டியை எண்ணாமல் சரக்குக்கு ஓடர் கொடுப்பது போல.

இரண்டாவது, மேலதிக ஒயில் கூலர். ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலரோடு, முன்பக்கக் காற்றுப் படும் இடத்தில் இன்னொன்றைத் தொடராகப் பூட்டுவது. மலை ஏறும், சுமை இழுக்கும் வாகனத்துக்கு இதைவிடச் சிறிய செலவில் பெரிய பயன் தருவது வேறில்லை. ஒரு தடவை பொக்ஸ் கருகியிருந்தால் பழைய கூலரையும் குழாய்களையும் மாற்றுங்கள். குறைந்தது நன்றாகக் கழுவியாவது எடுங்கள். நான் விட்ட பிழை அதுதான். பழைய வாகனமானால் ரேடியேற்றரையும் பாருங்கள். அதன் உள்குழாய் துருப்பிடித்துத் தண்ணீர் கலந்தால் ஒயில் பால் தேநீர் நிறமாகும். கிளட்ச் தட்டின் ஒட்டுப் பசை விட்டுப் போகும்.

மூன்றாவது, ஒயில். கம்பனி சொன்ன வகை மட்டும்தான். ‘எல்லாம் சிவப்பு ஒயில்தானே’ என்று ஊற்றக் கூடாது. 2015க்குப் பின் வந்த ஹைலக்ஸ் ஒட்டோவில் அளவு பார்க்கும் கம்பி இல்லை. ஒயிலைக் குறித்த வெப்பத்துக்குக் கொண்டு வந்து, அடியில் உள்ள அளவுத் துளை வழியாகத்தான் மட்டம் பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத கராஜில் ஒயில் மாற்றாதீர்கள்.

பவர் கூட்டாமல் சுமை மட்டும் ஏற்றுபவருக்கு இந்த மூன்றுமே போதும். பவர் கூட்டியவர் மேலே படிக்கட்டும்.

நான்காவது, டோர்க் கொன்வேட்டர். பலமான லொக் அப் கிளட்ச் உள்ளதாக இருக்க வேண்டும். இதில் ‘ஸ்டோல்’ என்று ஒரு கணக்கு உண்டு. வண்டி அசையாமல் நிற்கும்போது எஞ்சின் எத்தனை சுற்று வரை ஏற முடியும் என்பது அது. பந்தயப் பெற்றோல் கார்களுக்கு ஸ்டோல் உயர்ந்த கொன்வேட்டர் நல்லது. நமது டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே டோர்க் தருவதால் ஸ்டோல் குறைந்ததே பொருத்தம். உயர்ந்ததைப் பூட்டினால் காசு கொடுத்து வெப்பம் வாங்கியதாகும். லொக் அப்பை சாரதியே சுவிட்சால் பிடிக்க வைக்கும் கிட்களும் அவுஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன. ஏற்றத்தில் உதவும், உண்மை. ஆனால் கூட்டிய பவரை கம்பனியின் சிறிய லொக் அப் கிளட்சில் போட்டுப் பிடித்தால் அதுவே முதலில் கருகும். கொன்வேட்டரை மாற்றிய பின்தான் சுவிட்ச்.

ஐந்தாவது, வால்வு பொடி. ஒயில் அழுத்தத்தைப் பங்கிடும் பாகம் இது. இதைத் திருத்தி அழுத்தத்தைக் கூட்டினால் தட்டுகள் இறுகப் பிடிக்கும், கியர் மாறும்போது சிறு உதை தெரியும். கொன்வேட்டரோடு சேர்த்து ஜோடியாகச் செய்ய வேண்டிய வேலை. அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த உதையே தண்டையும் டிப்பரென்சலையும் அடிக்கும்.

ஆறாவது, பொக்ஸை முழுதாகக் கழற்றி, தரம் கூடிய தட்டுகளும் பலமான தண்டும் போடுவது. பாரம் இழுப்பதே தொழிலாக உள்ளவருக்கும் அதிகப் பவர் கூட்டியவருக்கும் மட்டுமே இது. நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

கொப்பி பண்ணி வாங்காதீர்கள். அமெரிக்க விளம்பரத்தில் டொட்ஜுக்குக் காட்டும் சாமான் நமது வண்டிக்குப் பூட்டாது. பஞ்சிகாவத்தையில் பழைய பொக்ஸ் வாங்குபவர், தமது வாகனத்தின் அடையாளத் தகட்டில் உள்ள கியர் குறியீட்டை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒயில் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் தூள் இருப்பது இயல்பு. செதில் செதிலாக இரும்பு இருந்தால், அல்லது ஒயில் கருகி மணந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டு விடுங்கள்.

கராஜில் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வேலைக்குப் பின் பொக்ஸ் எத்தனை நியூட்டன் மீற்றர் தாங்கும்? கொன்வேட்டரின் ஸ்டோல் எவ்வளவு? கூலரை மாற்றுகிறீர்களா, கழுவுகிறீர்களா? சிப் பூட்டிய வாகனத்துக்கும் உத்தரவாதம் செல்லுமா? விடையை எழுத்தில் வாங்குங்கள். ‘ஒன்றும் ஆகாது முதலாளி’ என்பது விடையல்ல. எஞ்சினில் செய்த மாற்றத்தைக் காப்புறுதிக்கும் அறிவித்து விடுங்கள். கறுப்புப் புகை தள்ளும் வண்டிக்கு வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தொல்லை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. ஏறுவதை மட்டும் கணக்கிட்டால் போதாது, இறங்கவும் வேண்டும். கூடிய சுமையோடு கடுகண்ணாவை இறங்கும்போது பிரேக்குக்குத் துணை, கீழ்க் கியரில் எஞ்சின் பிடிக்கும் பிடிதான். அந்தப் பிடி பொக்ஸ் வழியாக வருகிறது. வழுக்கும் பொக்ஸோடு மலை இறங்குவது சரக்கு நட்டத்தோடு முடியாது. வண்டிக்குள் இருப்பது நமது வீட்டுப் பிள்ளை, அல்லது இன்னொரு வீட்டின் உழைப்பாளி.

நான் என்ன செய்தேன்? சிப்பைக் கழற்றினேன். வெளிக் கூலர் பூட்டினேன், பலமான கொன்வேட்டர் போட்டேன், வால்வு பொடியை அளவாகத் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவையில் அனுப்பிய தரை ஓட்டை இரண்டு தடவையாக அனுப்புகிறேன். டீசல் செலவு கூடியது உண்மை. ஆனால் இரண்டு பொக்ஸ் வாங்கிய கணக்கை எடுத்துப் பார்த்தால், அந்த மேலதிக டீசல் மலிவு.

இப்போது சாரதி “ரேஸ் ஏறுது” என்று சொன்னால் அன்றே வண்டியை நிறுத்துகிறேன்.