‘ஒரு லைன் சொல்லுங்க’: வேலை கேட்பதன் அரசியல் குறித்து

கோடம்பாக்கத்தில் வேலை தேடுவதை யாரும் வேலை தேடுவது என்று சொல்வதில்லை. ‘சான்ஸ் தேடுறான்’ என்பார்கள். வேலை என்றால் கூலி உண்டு, நேரம் உண்டு, கேட்பதற்கு உரிமையும் உண்டு. சான்ஸ் என்பதோ அருள். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும். எழுதுகிற நண்பர்கள் பலர் சினிமாவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிற நிலையில், முதலாளியின் முன் ஒருவர் தன்னை எப்படி முன்வைக்கிறார், முன்வைக்கும்போது எதையெல்லாம் இழந்துவிட்டு வருகிறார் என்பதைப் பேசவேண்டியிருக்கிறது. ‘சினிமாவுக்குப் போன எழுத்தாளன் கெட்டான்’ என்கிற பழைய புலம்பல் இதற்கு உதவாது.

ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்று ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே பல வருடம் வேலை பார்த்த அசோகமித்திரனின் நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு முதலாளி–சிப்பந்தி உறவு எப்படியிருந்தது என்று தெரியும். ஆனாலும் இலாகா என்றால் சம்பளம் முன்னால், கதை பின்னால். ஸ்டூடியோ அமைப்பு சரிந்து, படத்துக்குப் படம் ஆள் சேர்க்கிற முறை வந்தபின் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

தொழிலாளி விற்பது உழைப்பை அல்ல, உழைப்புச் சக்தியை என்றார் மார்க்ஸ். தச்சரை வேலைக்கு வைக்கிறவர் அவர் முன்பு செய்த நாற்காலியைப் பார்ப்பார். ‘எனக்கு வேண்டிய மேசையைக் கொடுத்துட்டுப் போ, பிடிச்சிருந்தா வேலை தர்றேன்’ என்று சொல்லமாட்டார். கதை எழுதுகிறவரிடம் மட்டும் மேசையே கேட்கப்படுகிறது. ‘முழுசாச் சொல்லுங்க தம்பி, இண்டர்வெல் எங்க வருது?’ என்பது திறமையைச் சோதிக்கிற கேள்விபோலத் தோன்றும். விலை பேசுவதற்கு முன்பே சரக்கு கைமாறிவிடுகிறது என்பதே உண்மை. அடுத்த கட்டம் ‘டிஸ்கஷன்’. லாட்ஜ் அறையில் நாலைந்து பேர் மாதக்கணக்கில் காட்சிகளைப் பேசுவார்கள். பேட்டாவும் சாப்பாடும் கிடைக்கும். எந்தக் காட்சி யாருடையது என்பதற்குச் சாட்சி இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆர்.ஜி. ஆனந்த் என்கிற நாடகாசிரியர் தன் நாடகத்தை ஒரு இந்திப்பட இயக்குநரிடம் சொன்னார். 1956இல் ‘நியூ டெல்லி’ என்கிற படம் வந்தது. தன் நாடகம்தான் அது என்று வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கரு, கருத்து, கதைப்போக்கு இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டு வடிவத்துக்குத்தான் உண்டு என்பது அதன் சாரம். ‘ஒரு லைன்’ என்று நாம் வாயால் சொல்கிறோமே, அது துல்லியமாக இந்தப் பாதுகாப்பற்ற பகுதி. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு தொடருக்கான கருத்துக் குறிப்பை எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து, நம்பிக்கையின் பேரில் ஜீ நிறுவனத்திடம் கொடுத்த சன்டயல் நிறுவனத்துக்கு 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சாதகமாக நின்றது. 2018இல் ‘சர்கார்’ பட விவகாரத்தில் வந்தது சமரசம்தான் என்றாலும், அதற்கும் பிடிமானமாக இருந்தது சங்கத்தில் பல வருடம் முன்பே பதிவான கதை.

எர்விங் கோஃப்மன், அன்றாட வாழ்வில் ஒவ்வொருவரும் முன்மேடையில் ஒரு தன்னிலையை நிகழ்த்துகிறோம், பின்மேடையில் அதற்குத் தயாராகிறோம் என்று 1956இல் எழுதினார். சரி, ஆனால் மேடையைக் கட்டியவர் யார்? இங்கே கதை கேட்பதற்கு முன் வேறு கேள்விகள் வரும். ‘எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்? யாருகிட்ட ஒர்க் பண்ணுனீங்க?’ தமிழ்ப் பெயரில் சாதிப் பட்டம் இல்லாத குறையை ஊரும் தெருவும் தீர்த்துவைக்கின்றன. பியர் பூர்தியு கலாச்சார மூலதனம் என்று சொன்னது இங்கே சாதி மூலதனமாகவும் இருக்கிறது. நல்ல ‘பிரசென்டேஷன்’ என்று பாராட்டப்படுவதில் பாதி, பிறப்பிலேயே வந்த கூச்சமின்மை. ஆகவே திக்கித் திணறிக் கதை சொல்கிறவர்கள் தங்களிடம் திறமை இல்லை என்று முடிவுகட்டவேண்டியதில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? காட்டுவதற்கு ஒன்றும் விற்பதற்கு ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளவேண்டும். அச்சில் வந்த சிறுகதை, எடுத்து முடித்த குறும்படம், தனியே நிற்கிற இரண்டு மூன்று காட்சிகள்: இவைதான் தச்சரின் நாற்காலி. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்களைக் காட்டிவிட்டுத்தான் ‘பீட்சா’வுக்கும் (2012) ‘சூது கவ்வு’முக்கும் (2013) போனார்கள். சொல்லித்தான் ஆகவேண்டிய கதையென்றால் முழுக்க எழுதிப் பதிவு செய்தபின் சொல்லுங்கள். எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு சாட்சி. சொன்ன மறுநாள் ‘நேற்று தங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம்’ என்று இரண்டு வரி அஞ்சல் அனுப்புங்கள். அதுவும் சாட்சி. தன்விவரக் குறிப்பில் ‘உதவினேன்’ என்று பணிவு காட்டாமல், எந்தப் படத்தில் எந்த வேலை என்று எழுதுங்கள். ‘டயலாக் மட்டும் எழுதிக் கொடுங்க, பேரெல்லாம் பாத்துக்கலாம்’ என்றால் அப்போதே எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் பதிப்புரிமைச் சட்டப்படி செல்லாது. சம்பள வேலையில் எழுதுவதோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும்.

தனியாள் ஜாக்கிரதையால் மட்டும் இது தீராது. எழுத்தில் கேட்டால் ‘திமிர் பிடிச்சவன்’ என்று அனுப்பிவிட்டு, கேட்காத இன்னொருவரை அழைக்க வெளியே வரிசை நிற்கிறது. டிஸ்கஷனும் உழைப்புதான், அதற்கு நாள் கூலி வேண்டும், யார் எதைச் சொன்னார் என்று குறிப்பேடு வேண்டும் என்பதைச் சங்கங்கள் கோரிக்கையாக எழுப்பவேண்டும். அதுவரை சான்ஸ் என்கிற சொல்லையாவது நாம் விட்டுவிடலாம். நாம் கேட்பது வேலை.