நாய் இருமினால் 'எலும்பு சிக்கிருச்சு'ன்னு வாயில கையை விடாதீங்க!

இரவு பதினொரு மணி. வீடே உறங்கப் போகும் நேரம். வாசலில் படுத்திருந்த நாய் திடீரென்று எழுந்து இருமத் தொடங்குகிறது. சாதாரண இருமல் இல்லை. கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, அடித்தொண்டையிலிருந்து எதையோ வெளியே தள்ளப் பார்க்கிறது. கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்குகிறது.

"ஏனுங்க, மத்தியானம் போட்ட கறி எலும்பு தொண்டையில சிக்கிருச்சாட்ட இருக்குதுங்க. வாயைத் தொறந்து பாருங்க..."

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் நாய் வளர்க்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது கேட்டிருக்கும். ஒருவர் செல்போன் டார்ச்சை அடிப்பார். இன்னொருவர் நாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவார்.

செய்யவே கூடாத காரியம் இதுதான். ஏனென்றால், எலும்பு சிக்கியதுபோலத் தெரியும் இந்த இருமலுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு தொற்றுநோய்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இன்னொன்று, நாயின் உயிரைப் பறிக்கும். மூன்றாவது, வாயில் கைவிட்டவரின் உயிரையே பறிக்கும்.

முதல் ஆள்: கென்னல் காஃப்

நாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் பரவும் இருமல் என்பதால் இந்தப் பெயர். இதற்குக் காரணம் ஒரே ஒரு கிருமி அல்ல. 'போர்டெடெல்லா' என்ற பாக்டீரியா, 'பாராஇன்ஃப்ளூயன்சா', 'அடினோ' வைரஸ்கள் எனப் பலவும் தனியாகவோ கூட்டணி அமைத்தோ மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவரில், தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. போர்டெடெல்லா போய் ஒட்டிக்கொள்வது அவற்றில்தான். அவை வேலை செய்யாமல் போக, குழாய் புண்ணாகி, லேசாகத் தொட்டாலே இருமல் வருகிறது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் இருமல் அதிகமாவது இதனால்தான்.

நோயுள்ள நாய் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் சாரலில் கிருமி பரவும். தண்ணீர்க் கிண்ணம், பொம்மை, ஏன், இரண்டு நாய்களையும் தடவிக்கொடுக்கும் நம் கையே அதைக் கடத்திவிடும். தொற்றிய மூன்று முதல் பத்து நாள்களுக்குள் பெரும்பாலும் இருமல் தொடங்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நாயை விடுதியில் விட்டுச் சென்று, திரும்பி வந்த வாரத்தில் இருமல் வந்தால், சந்தேகிக்க வேண்டியது எலும்பை அல்ல; பக்கத்துக் கூண்டில் இருந்த நாயை. முடி வெட்டும் இடம், நாய்க் கண்காட்சி, காலை நடைப்பயிற்சியில் பல நாய்கள் மூக்கோடு மூக்கு உரசும் பூங்கா ஆகியவையும் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

நல்ல செய்தி, இந்த இருமல் வந்த நாய் வழக்கமாகச் சாப்பிடும், வாலாட்டும், விளையாடும். ஒன்று முதல் மூன்று வாரங்களில் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இது நிமோனியாவாக மாறலாம். இருமல் நின்ற பிறகும் சில நாய்கள் வாரக்கணக்கில் கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது ஆள்: டிஸ்டெம்பர்

முதல் சில நாள்களில் இதுவும் சளி, இருமல் போலத்தான் இருக்கும். ஏமாந்துபோவதும் அங்கேதான். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு இந்த வைரஸ். மனிதர்களுக்கு இது நோயைத் தருவதில்லை. ஆனால் நாயின் நுரையீரல், குடல், தோல், மூளை என எதையும் விட்டுவைக்காது.

இருமலோடு கீழ்க்கண்டவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது:

• கண்ணிலும் மூக்கிலும் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் சீழ்போல் வடிதல்
• காய்ச்சல் (நாயின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது)
• சாப்பாட்டை ஒதுக்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு
• அடிவயிற்றில் சீழ்க் கொப்புளங்கள். மூக்கின் நுனியும் பாதங்களும் தடித்துக் கெட்டியாதல்

சில நாய்கள் தேறிவருவதுபோலத் தெரியும். ஓரிரு வாரங்கள் கழித்து, வாய் எதையோ சவைப்பதுபோல் தானாக அசையும். ஒரு கால் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். பிறகு வலிப்பு வரும். வைரஸ் மூளைக்குப் போய்விட்டது என்று பொருள். இந்த வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சலைன், இரண்டாவதாகச் சேரும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக், வலிப்புக்கு மருந்து என்று நாயைத் தாங்கிப் பிடிக்கத்தான் மருத்துவரால் முடியும். பிழைத்தாலும் சில நாய்களுக்கு அந்தத் துடிப்பு ஆயுளுக்கும் நிற்காது.

மூன்றாவது ஆள்: ரேபீஸ்

வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதே பலரின் எண்ணம். கடிக்காத ரேபீஸும் உண்டு. அதில் தாடை, தொண்டைத் தசைகள் செயலிழக்கும். வாயை மூட முடியாமல், விழுங்க முடியாமல், எச்சில் ஒழுக நாய் திணறும். குரைக்கும் குரலும் மாறிப்போகும். பார்ப்பவர்களுக்கு அது எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். பாவம் பார்த்து வாயில் கைவிட்டால், விரலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எச்சிலில் உள்ள வைரஸ் உள்ளே போய்விடும். அறிகுறி வந்த பிறகு ரேபீஸிலிருந்து மீள்வது அநேகமாக இயலாது.

கை பட்டுவிட்டதா? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உண்மையாகவே எலும்பு சிக்கும் நாய்களும் உண்டு. அதுவரை நன்றாக இருந்த நாய், சாப்பிடும்போதே சட்டென்று திணறும். முன்காலால் வாயைப் பிராண்டும். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்தும், வயதான நாய்களுக்கு இதயக் கோளாறாலும் இருமல் வரலாம். எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். கிளம்பும் முன் அந்த இருமலை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டால், மருத்துவர் முன்னால் நாய் இருமாமல் சமர்த்தாக நின்றாலும் கவலையில்லை.

'ஊசி போட்டாச்சு' - எந்த ஊசி?

நாய்க்கு ஊசி போட்டீர்களா என்று கேட்டால், போட்டாச்சு என்று பதில் வரும். அட்டையைப் பார்த்தால் பல நேரம் அதில் இருப்பது ரேபீஸ் ஊசி மட்டும். ஜூலை 6-ம் தேதி, விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக நாளை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கும். லூயி பாஸ்டர் 1885-ல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி போட்ட நாள் அது. அந்த முகாம்களில் போடப்படுவது ரேபீஸ் ஊசி. கட்டாயம் போட வேண்டியதுதான். ஆனால் அது டிஸ்டெம்பரையோ கென்னல் காஃபையோ தடுக்காது. அவற்றுக்கு வேறு ஊசிகள் இருக்கின்றன.

டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்க வேண்டும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வீதம், குட்டிக்கு 16 வாரம் நிறையும்வரை தொடர வேண்டும். ஒரு வருடத்துக்குள் ஒரு பூஸ்டர். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். ரேபீஸ் ஊசி மூன்று மாத வயதில் தொடங்கும்.

ஒரே நோய்க்கு ஏன் இத்தனை ஊசி? மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சீம்பால் குடித்த கன்று நோயைத் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாய்க்குட்டிக்கும் அப்படித்தான். தாயின் முதல் பால் தரும் எதிர்ப்பு சக்தி சில வாரங்கள் காக்கும். ஆனால் அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் எதிரியாக நினைத்து முறித்துவிடும். அந்த சக்தி எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால், ஊசி போட்டும் குட்டி இறந்துபோச்சு என்று வருந்த வேண்டிவரும்.

கென்னல் காஃபுக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. விடுதியில் விடும் பழக்கம் உள்ளவர்கள், பயணத்துக்கு இரண்டு வாரங்கள் முன்பாவது மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது. இருமலை முழுதாகத் தடுக்காவிட்டாலும் வீரியத்தைக் குறைக்கும்.

குட்டி வாங்கும்போதும் கவனம் தேவை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2017-ம் வருட நாய் இனப்பெருக்க விதி. புதுக் குட்டியை இரண்டு வாரமாவது வீட்டில் உள்ள மற்ற நாய்களிடமிருந்து தள்ளிவைப்பதும் நல்லது.

இருமல் வந்துவிட்டால்...

• மற்ற நாய்களிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் ஓய்வு கொடுங்கள். நடைப்பயிற்சியை நிறுத்துங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, அழைக்கும்வரை வெளியே காத்திருங்கள்.
• கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ் பயன்படுத்துங்கள்.
• ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் புகை கூடவே கூடாது.
• பாராசிட்டமால், இபுபுரூஃபன், நம் வீட்டு இருமல் சிரப் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரை இல்லாத சிரப்புகளில் இருக்கக்கூடிய சைலிட்டால் நாய்க்கு விஷம். குழந்தைக்குத் தடவுவதுபோல் கற்பூரத் தைலம் தடவுவதும் ஆபத்து. நக்கினால் உடலுக்குள் போகும்.
• கிண்ணம், படுக்கைகளை சோப்புப் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் காயவையுங்கள். டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலுக்கும் சோப்புக்கும் தாங்காது.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மூச்சு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, நிற்க முடியாமல் சாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கோவையில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

தோட்டத்து நாயும் காட்டுச் செந்நாயும்

வீட்டு நாய்க்கு அட்டை இருக்கும். தோட்டத்துச் சாளையில் ஆடு, கோழிக்குக் காவல் இருக்கும் நாய்க்கு? பெரும்பாலும் அதன் ஊசிக்கணக்கை யாரும் வைத்திருப்பதில்லை. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டிய ஊர்களில் இது அந்த நாயோடு முடிகிற விஷயம் இல்லை.

1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டி காட்டில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் டிஸ்டெம்பரால் இறந்தன. அங்கிருந்த சிங்கங்களில் அது மூன்றில் ஒரு பங்கு. காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து நாய்களிடமிருந்து நோய் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், இதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மலைக்காடுகளில் திரியும் செந்நாய், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. டிஸ்டெம்பர் அதையும் தாக்கும். அது தண்ணீர் குடிக்க வரும் ஓடையில் தோட்டத்து நாயும் வாய் வைக்கிறது. அந்த நாய்க்குப் போடும் ஒரு ஊசி, காட்டுக்கும் சேர்த்துப் போடுவதுதான்.

இத்தனைக்கும் டிஸ்டெம்பர் தடுப்பூசி நேற்று வந்ததல்ல. 1920-களில் இங்கிலாந்தில் 'தி ஃபீல்ட்' என்ற வார இதழ் வாசகர்களிடம் நிதி திரட்டி, இந்த ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. லெய்ட்லா, டங்கின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தத் தடுப்பூசியை உருவாக்கினார்கள். நூறு வருடமாகத் தடுக்க முடிந்த ஒரு நோய்க்கு, இன்றும் குட்டிகளைப் பறிகொடுப்பதுதான் வேதனை.

இன்றிரவே பீரோவில் இருக்கும் நாயின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ரேபீஸ் மட்டும்தான் இருக்கிறதா, கூட்டு ஊசியும் இருக்கிறதா, கடைசித் தேதி எது? பதில் தெரியவில்லை என்றால், நாளைக் காலை நடைப்பயிற்சிக்குப் பதில் நாயை அழைத்துப் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை!