மறுபடி எழுதும் முன்: பழைய மதிப்பெண் என்ன ஆகும்?

 

ஜே.இ.இ. மெயின் ஜனவரித் தேர்வின் முடிவு வந்த மறுநாள், அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை மகனுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். "பாய், இவன் ஏப்ரல்லயும் எழுதுறேங்குறான். அதுல குறைஞ்சுட்டா இப்ப வாங்குனதும் போயிருமா?" என்று கேட்டார். அதே வாரம் வந்த ஒரு தாய் நேர்மாறாக நினைத்திருந்தார். மகள் நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதப் போகிறாள். குறைந்தாலும் போன வருட மதிப்பெண் கையில் இருக்கிறதே என்ற தைரியம் அவருக்கு.

இருவர் நினைத்ததும் தவறு. ஒவ்வொரு தேர்விலும் பழைய மதிப்பெண்ணுக்கு ஒவ்வொரு விதி. மறுபடி எழுத முடிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

ஜே.இ.இ. மெயின்: கூடுதலானதே கணக்கு

இத்தேர்வு இப்போது ஜனவரி, ஏப்ரல் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இரண்டையும் எழுதினால், எதில் என்.டி.ஏ. ஸ்கோர் கூடுதலோ அதைக் கொண்டே தரவரிசை தயாராகும். நாம் எதையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. ஏப்ரலில் குறைந்தாலும் ஜனவரி ஸ்கோர் போகாது. தேர்வுக் கட்டணமும் உழைப்பும் தவிர இழப்பு ஏதுமில்லை.

ஆனால் ஜனவரியில் வாங்கிய கணக்கையும் ஏப்ரலில் வாங்கிய இயற்பியலையும் சேர்த்துக்கொள்ள முடியாது. ஒரு கட்டத்தின் மொத்த ஸ்கோர் அப்படியே எடுக்கப்படும். இந்த ஸ்கோர் பெர்சன்டைல் முறையில் வருவது. ஜனவரியில் 150, ஏப்ரலில் 140 என்றால் குறைந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். ஏப்ரல் வினாத்தாள் கடினமாக இருந்திருந்தால் 140-க்கே கூடுதல் ஸ்கோர் வரலாம்.

ஓராண்டு காத்திருந்து எழுதுவது வேறு விஷயம். 12ஆம் வகுப்பு முடித்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மெயின் எழுதலாம். ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை மட்டுமே எழுதலாம். முந்தைய ஆண்டின் ஸ்கோர் புதிய ஆண்டில் செல்லாது. ஓ.பி.சி. பிரிவில் வருவோர், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்ட புதிய சான்றிதழைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

நீட்: புதியது மட்டுமே

நீட் ஆண்டுக்கு ஒருமுறைதான். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. மேல் வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு அந்த ஆண்டு மதிப்பெண் மட்டுமே செல்லும். சென்ற ஆண்டு 500 எடுத்தவர் இந்த ஆண்டு 450 எடுத்தால், 450தான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போவோருக்கு மட்டும் நீட் தேர்ச்சி மூன்று ஆண்டுகள் செல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் மாணவி ஒருவர், கிடைத்த பல் மருத்துவ இடத்தை வேண்டாமென்று விட்டு மறு ஆண்டு எழுதினார். மதிப்பெண் குறைந்தது. பல் மருத்துவமும் கிடைக்கவில்லை, பழைய மதிப்பெண்ணும் உதவவில்லை. வேறு படிப்பில் சேர்ந்து இன்று நன்றாகவே இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முடிவெடுக்கும் முன் அந்தக் குடும்பத்துக்கு இதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் முறையில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களும் நம்மிடையே உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், நம் மாநிலத்தில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடும் மறுபடி எழுதுவதால் போய்விடாது. எனவே எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு எழுதுகிறோமா என்பதை அறிந்து எழுதுங்கள்.

எஸ்.ஏ.டி.: தேர்வு நம் கையில்

வளைகுடாவில் வசிக்கும் நம் குடும்பங்கள் சில, பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்ப இத்தேர்வைப் பற்றிக் கேட்கின்றன. மொழிக்கு 800, கணக்குக்கு 800, மொத்தம் 1600. ஆண்டில் பலமுறை நடக்கிறது. எந்தத் தேதியில் எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை மாணவரே முடிவு செய்யலாம்.

பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் வாங்கியவற்றில் ஒவ்வொரு பகுதிக்கும் உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. மார்ச்சில் மொழி 640, கணக்கு 700. ஆகஸ்டில் மொழி 690, கணக்கு 670 என்று வையுங்கள். தனித்தனியே 1340, 1360. கூட்டினால் 690-உம் 700-உம் சேர்ந்து 1390. இதற்கு இரண்டு தேதிகளையும் அனுப்ப வேண்டும். "குறைந்ததை எதற்கு அனுப்புவது?" என்று மார்ச்சை மறைத்தால் நமக்கே நட்டம்.

ஒரு கவனம்: நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பும் சலுகை, மதிப்பெண் தெரியும் முன்பே பயன்படுத்த வேண்டியது. அதில் போனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. ஜார்ஜ்டவுன் போன்ற சில பல்கலைக்கழகங்கள் எழுதிய எல்லாத் தேர்வுகளையும் கேட்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆகவே ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனியே படியுங்கள். தேர்ந்தெடுத்து அனுப்ப அனுமதி உள்ள இடத்தில் அப்படிச் செய்வது பொய்யல்ல. எல்லாவற்றையும் கேட்கும் இடத்தில் ஒன்றை மறைப்பது அமானிதத்துக்கு மாறு.

மறுபடி எழுத நினைப்பவர்கள், பிள்ளையோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பழைய மதிப்பெண் நிற்குமா, போகுமா? இப்போது கையில் உள்ள இடம் எது? சென்ற முறை குறைந்தது எந்தப் பாடத்தில், அதைச் சரிசெய்ய என்ன ஏற்பாடு? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் ஓராண்டு காத்திருப்பதில் பயனில்லை.

அந்தத் தந்தையின் மகன் ஏப்ரல் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டான். மற்றவர்களும் மதிப்பெண் பட்டியலுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.

— செயலாளர்