ஒரு சின்ன ‘அன்லெஸ்’

ஆங்கில இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இது பரீட்சை விஷயமல்ல, உத்தியோக விஷயம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். பெயரில்தான் சத்திரம், இன்று சுற்றிலும் தொழிற்சாலைகள். குளிர்ப்பெட்டியும் சலவை யந்திரமும் ஓரிடத்தில் உருவாகின்றன; இன்னோரிடத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஐபோன்களைப் பூட்டி முடுக்குகிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் பலர்.

இப்படி ஓர் ஊரில் உங்கள் பெண்ணுக்கு வேலை உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்றிருக்கிறது. அடுத்த வரி: ‘அன்லெஸ் யூ ஆர் கன்ஃபர்ம்டு இன் ரைட்டிங், யூ வில் ரிமெய்ன் ஆன் புரொபேஷன்.’ ஆறு மாதம் கழிந்தால் வேலை நிரந்தரம் என்று அவள் நினைத்தால் ஏமாந்தாள்! எழுத்து மூலம் உறுதி செய்தாலொழிய அவள் தகுதிகாண் பருவத்திலேயே இருப்பாள் என்பதல்லவா அதன் பொருள்?

இந்தச் சங்கடம் ஏன் வருகிறது? தமிழில் ‘வந்தால்’, ‘வந்தும்’, ‘வந்தபோது’ என்று நிபந்தனையும் முரணும் காலமும் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வினையெச்சத்துக்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் 12 வாய்பாடுகள் சொல்கிறார். ஆங்கிலத்திலோ இஃப், ஆல்தோ, வென் என்று ஓர் இணைப்புச் சொல் முன்னால் வந்து நிற்கும். அது தொடங்கிவைக்கும் துணை வாக்கியம்தான் ‘அட்வெர்ப் கிளாஸ்’. நாம் வாலைப் பார்த்துப் பழகியவர்கள்; அங்கே தலையைப் பார்க்க வேண்டும்.

நம்மவர் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

‘ஆல்தோ’ என்று தொடங்கினால் நடுவில் ‘பட்’ வேண்டாம். ‘மழை பெய்தாலும் வந்தாள்’ என்போமே தவிர, ‘மழை பெய்தாலும் ஆனால் வந்தாள்’ என்போமா?

நாளைய நிபந்தனையானாலும் ‘இஃப் ஷி கம்ஸ்’ என்பதே வழக்கு. ‘இஃப் ஷி வில் கம்’ அல்ல. நாமும் ‘வந்தால்’ என்றுதானே சொல்கிறோம்!

‘அன்லெஸ்’ஸுக்குள் ‘இல்லாவிட்டால்’ அடங்கியிருக்கிறது. அதனுடன் ‘நாட்’ சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

‘அன்டில்’ அதன் பங்காளி. ஆனால் குணம் வேறு. சலவை யந்திரம் நிற்கும் ‘வரையில்’ மூடியைத் திறக்காதே என்றால் சற்றுப் பொறுத்தால் போதும். அது தானே நிற்கும். ‘அன்லெஸ்’ஸில் வெறுமனே காத்திருப்பது உதவாது, குறிப்பிட்ட காரியம் நடந்தாக வேண்டும்.

ஆகவே, வீட்டுக்கு எந்த ஆங்கிலக் கடிதம் வந்தாலும் பென்சில் எடுங்கள். இஃப், அன்லெஸ், அன்டில், ‘புரொவைடட் தட்’ ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஆல்’, ‘ஆலொழிய’, ‘வரையில்’, ‘என்ற நிபந்தனையுடன்’ என்று எழுதி, வரியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிறகு உங்கள் பெண் கையெழுத்துப் போடட்டும். ஆறு மாதம் முடிகிற அன்றே, ‘உறுதிக் கடிதம் எங்கே?’ என்று கேட்கவும் அவளுக்குத் தெரியும்.